மூச்சு வாங்கினாலும் நடக்க வேண்டும்

பொங்கல் முடிந்த வாரம் எங்கள் நெஞ்சகநோய்ப் பிரிவில் கூட்டம் அதிகம். மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்ந்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களை ஆண்டுதோறும் இப்படித்தான் கொண்டுவந்து சேர்க்கின்றன. இந்த முறை என்னை உறுத்தியது வேறு ஒன்று. வந்தவர்களில் பலரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். "எத்தனை மாசமா நடக்கல?" என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடியே நடக்கறத நிறுத்திட்டோம் டாக்டர், நடந்தா மூச்சு வாங்குதுல்ல" என்றார் ஒரு மகன். அப்பா தானாக நடையை நிறுத்தவில்லை. பாசத்தோடு வீட்டார் நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பாசம்தான் அவரைப் படுக்கையில் தள்ளியது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

படுக்கை தரும் இரண்டாவது நோய்

முதல் நோய் நுரையீரலில் இருக்கிறது. இரண்டாவது, நாமே வரவழைத்தது. அது தொடையில் இருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று நடப்பதைக் குறைக்கிறார்கள். கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே வேலைக்குச் சீக்கிரம் களைத்து, கூடுதலாக மூச்சைக் கேட்கிறது. போன மாதம் தெருமுனையில் வாங்கிய மூச்சு, இந்த மாதம் குளியலறைக்குப் போவதற்குள் வாங்குகிறது. நோய் முற்றிவிட்டது என்று பயந்து கட்டிலோடு இருத்திவிடுகிறார்கள்.

நோயில்லாத முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. இருமி இளைத்து, அரை வயிறு சாப்பிடுகிற நம் நோயாளி மூன்று மாதம் படுத்தால் என்ன மிஞ்சும்?

இதற்கு மாற்று உடற்பயிற்சி. பயிற்சியால் நுரையீரல் புதிதாகிவிடாது. ஊதும் சோதனையில் வரும் எண்ணும் பெரிதாக மாறாது. ஆனால் அதே நுரையீரலை வைத்துக்கொண்டு ஒருவர் கூடுதல் தூரம் நடப்பார், குறைவாகத் திணறுவார். இதில் மருத்துவ உலகில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. நோய் கடுமையாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பியவர், நான்கு வாரத்துக்குள் பயிற்சியைத் தொடங்கினால் மீண்டும் சேர வேண்டிய நிலை குறைகிறது என்பதும் உறுதியான செய்தி.

கடை மாத்திரையும் கைவைத்தியமும்

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஊர் மருந்துக்கடையில் "வீசிங் மாத்திரை" என்று கேட்டால், பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள். அதில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு. சில மணி நேரத்தில் மூச்சு லேசாகும், பசி எடுக்கும், ஒரு மாதத்தில் கன்னம் உப்பும். "அப்பாவுக்குச் சதை பிடிச்சிருக்கு" என்று வீட்டில் மகிழ்ச்சி. வேட்டியை விலக்கித் தொடையைப் பாருங்கள். அந்த மாத்திரை தொடைத் தசையைத் தின்றுகொண்டிருக்கும். நோய் திடீரென்று கூடும்போது ஐந்து நாள் அளவில் கணக்காக நாங்கள் கொடுக்கும் மருந்து அது. அதை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, "மாடி ஏறக் காலே வரல டாக்டர்" என்று வந்தால் எந்தப் பயிற்சியாளரால் என்ன செய்ய முடியும்?

மாத்திரைக்குத் துணிகிறவர்கள் இன்ஹேலருக்குப் பயப்படுகிறார்கள். "பம்ப் போட்டா பழகிடும்" என்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய மூன்று பந்துக் கருவி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உறிஞ்சிப் பந்தை ஏற்றினால் நுரையீரல் பலப்படும் என்று நாள் முழுவதும் உறிஞ்சவைக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதுண்டு. இந்த நோயில் சிக்கல் காற்றை இழுப்பதில் இல்லை, வெளியே விடுவதில் இருக்கிறது. உள்ளே போன காற்று வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கி நிற்கும் நெஞ்சில் மேலும் மேலும் இழுத்து நிரப்பி என்ன பயன்? பலூன் ஊதுவதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். தொலைக்காட்சியைப் பார்த்துக் கபாலபாதி செய்வதும் மூச்சை அடக்கிக் கும்பகம் பிடிப்பதும் இவர்களுக்கு ஆகாது. மூச்சை அடக்காமல் மெதுவாகச் செய்யும் பிராணாயாமத்தை நான் தடுப்பதில்லை. ஆனால் அது நடைப்பயிற்சிக்கு ஈடாகாது.

ஆக்சிஜன் இயந்திரத்தை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது மருந்து, அதற்கும் அளவு உண்டு. இந்த நோயாளிகள் பலருக்கு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். 99 காட்ட வேண்டும் என்று திருகிக்கொண்டே போனால், சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் தட்டும். "நேத்து ராத்திரிதான் அசந்து தூங்குனாரு" என்று நிம்மதியோடு சொன்ன குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அது தூக்கமில்லை.

சாப்பாட்டில் வைக்கும் கட்டுப்பாடு இன்னொரு கொடுமை. முட்டை சூடு, தயிர் சளி, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் ரசம் சோறு மட்டும் போடுகிறார்கள். தசை எதிலிருந்து வளரும்? தினமும் முட்டையோ மீனோ சுண்டலோ ஏதாவது ஒன்று இலையில் இருக்கட்டும். சளிக்கு நல்லது என்று மூடிய அறையில் சாம்பிராணி போடாதீர்கள். எந்தப் பெயர் வைத்தாலும் அது புகைதான்.

என்ன பயிற்சி, எப்படி

முதலில் மூச்சு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். தேங்கிய காற்று வெளியேற இது வழிவிடும். திணறல் கூடினால், நாற்காலியில் முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி இதையே செய்யுங்கள். சளியை வெளியேற்றத் தொண்டை கிழிய இருமத் தேவையில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அதுபோல வாயைத் திறந்து அழுத்தி ஊத வேண்டும். இரண்டு மூன்று முறை ஊதி, இடையில் ஓய்வெடுத்தால் சளி மேலே வரும்.

அடுத்து நடை. இதுதான் உயிர். மருத்துவர் இன்ஹேலர் எழுதியிருந்தால், புறப்படுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவையுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்பது, மறுபடி இரண்டு நிமிடம். முதல் வாரம் மொத்தமாகப் பத்து நிமிடம் நடந்தால் போதும். மெல்ல மெல்ல அரை மணி நேரத்துக்குப் போகலாம். மூச்சு வாங்க வேண்டும், அதில் தவறே இல்லை. நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எட்டு முதல் பன்னிரண்டு முறை. எழும்போது மூச்சை விட வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள்வரை தூக்கி இறக்குவது கைகளுக்கு. துணி உலர்த்தவும் தலை வாரவும் முடியவில்லை என்று பெண்கள் அழுவது கை தளர்ந்துபோவதால்தான். நாற்பது ஆண்டு கருவேல விறகில் சமைத்த ஓர் அம்மா, "நான் பீடியா குடிச்சேன், எனக்கு ஏன் இது?" என்று கேட்டபடி வந்தார். எட்டு வாரம் பயிற்சி செய்தார். இப்போது தன் புடவையைத் தானே கொடியில் போடுகிறார். அவருடைய ஊதும் சோதனை எண் மாறவில்லை.

எப்போது நிறுத்த வேண்டும்

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தாலோ, விரல் கருவி 88க்குக் கீழே இறங்கினாலோ உடனே உட்காருங்கள். காய்ச்சல், சளி பச்சையாக மாறுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, சளியில் ரத்தம், இவை இருந்தால் அன்று பயிற்சி கூடாது. மருத்துவரைப் பாருங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் அனுமதி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பரிசோதனைகள்

பயிற்சியைத் தொடங்கும் முன் செய்துகொள்ள வேண்டியவை: ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் இசிஜியும்.

கைகூப்பிக் கேட்கிறேன்

பீடியை, சிகரெட்டை இன்றே விடுங்கள். ஒன்று இரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், இருபது ஆண்டாக அதைக் கேட்டுவிட்டேன். சிலிண்டர் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகு எரிக்கும் வீடுகளே, அந்த அடுப்பை அணையுங்கள். அடுத்த போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள், பக்கத்து வீட்டில் ஒரு நுரையீரல் திணறிக்கொண்டிருக்கலாம். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை, நிமோனியா தடுப்பூசி மருத்துவர் சொல்கிறபடி. பயிற்சிக்கு வெளியூர் போக முடியாதவர்கள் தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் விசாரியுங்கள். அதில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் டம்ளரை அப்பா கையில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளை காலை அவரை வாசல்வரை நடத்திக் கூட்டிப் போங்கள். நடுவழியில் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். மூச்சு வாங்கினால் பதறாமல் உட்காரவைத்து, உதட்டைக் குவித்து ஊதச் சொல்லுங்கள். அடங்கியதும் மறுபடி எழுப்புங்கள்.