மருந்துச் சீட்டு யார் எழுதலாம்?
1992இல் பம்பாயில் காய்ச்சலோடு வந்தவருக்கு ஒரு ஹோமியோபதி மருத்துவர் அலோபதி மருந்து கொடுத்தார். முதலில் வைரஸ் காய்ச்சல் என்றார், பிறகு டைபாய்டு என்றார். நோயாளி இறந்துபோனார். படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 3 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. மகாராஷ்டிர அரசோ 2014இல் சட்டத்தைத் திருத்தி, நவீன மருந்தியலில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முடித்த ஹோமியோபதி மருத்துவர்களும் அலோபதி மருந்து எழுத வழிவிட்டது.

தாராவிச் சந்தில் பக்கத்தில் இருக்கும் ஹோமியோபதி மருத்துவரைத் தடுத்தால் ஏழை எங்கே போவார் என்று இந்தத் திருத்தத்தை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் தனிப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் மருந்தாளுநர்களும் சட்டப்படியே மருந்து எழுதுகிறார்கள், ஆகவே எம்.பி.பி.எஸ். பட்டம் ஒன்றே அளவுகோல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே அவரவர் தமக்குத் தேர்ச்சியுள்ள துறைக்குள்தான் எழுதவேண்டும். நம் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும், வரம்புக்குட்பட்ட உரிமம் பெறும் சமூக சுகாதாரப் பணியாளர் ஆரம்ப, தடுப்புச் சிகிச்சையில் மட்டுமே தனித்து மருந்து எழுதலாம் என்கிறது. மருந்தியல் வகுப்பு மருந்தின் குணத்தைக் கற்றுத்தரும். நோயைக் கண்டறியும் பழக்கம் வார்டில் பல ஆண்டுகள் நின்றால்தான் வரும். பம்பாய் நோயாளிக்குக் கிடைக்காமல் போனது அதுதான். ஏழைக்கு அருகில் மருத்துவர் இல்லையென்றால், மாநகராட்சி மருந்தகங்களில் மருத்துவரை நியமிப்பது அரசின் கடமை; குறைந்த பயிற்சியை ஏழையின் உடம்பில் சோதித்துப் பார்ப்பது அநீதி.