நெல் எத்தனை பாகையில் அவியும்?

உடையார்கட்டுக் குளத்து நீரில் விளைந்த நெல்லை வீட்டில் அவிப்பதற்கு வெப்பமானி எதுவும் வேண்டியதில்லை. ஊறிய நெல்லை அடுப்பில் ஏற்றி, உமி வாய் பிளந்ததும் இறக்கிவிடலாம். அந்த நேரத்தில் அரிசிக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்து சொல்வது வெப்பப் பகுப்பாய்வு.

ஒரு பொருளைச் சீராகச் சூடாக்கிக்கொண்டு போனால், எந்த வெப்பநிலையில் அது வெப்பத்தை உறிஞ்சுகிறது, எப்போது எடை குறைகிறது என்று பார்ப்பதே இந்த முறை. 1887இல் பிரான்சின் லெ சாற்றலியே களிமண் வகைகளை இப்படி ஆராய்ந்தார். 1915இல் ஜப்பானின் கொத்தாரோ ஹொண்டா, சூடேறும் பொருளைத் தொடர்ந்து நிறுக்கும் தராசை அமைத்தார். டி.எஸ்.சி. எனப்படும் நுண் கலோரிமானி 1960களில் அமெரிக்காவில் உருவானது.

சில மில்லிகிராம் அரிசிமாவைத் தண்ணீருடன் சிறு அலுமினியக் கிண்ணத்தில் அடைத்து, பக்கத்தில் வெறுங்கிண்ணம் ஒன்றை வைத்து, இரண்டையும் நிமிடத்துக்கு 10 பாகை செல்சியஸ் வீதம் சூடாக்குவார்கள். மாவுள்ள கிண்ணத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படும் வெப்பத்தை டி.எஸ்.சி. கோடாக வரையும். பச்சையரிசி மாவென்றால், நெல்லினத்தைப் பொறுத்து ஏறத்தாழ 60 முதல் 80 பாகைக்குள் கோட்டில் ஒரு மேடு எழும். மாப்பொருளின் ஒழுங்கான அடுக்குகள் குலைந்து, நீரை இழுத்துப் பசையாகும் கட்டம் அது. அந்தப் பசை அரிசியின் வெடிப்புகளை ஒட்டிவிடுவதால்தான் அவித்த நெல் குற்றும்போது குறைவாக உடைகிறது. நன்றாக அவிந்த நெல்லின் மாவில் இந்த மேடு இராது. அரைகுறையாக அவிந்திருந்தால் மிச்சம் தெரியும். பழஞ்சோற்றிலோ 40 முதல் 60 பாகைக்குள் வேறொரு சிறு மேடு வரும். ஆறிய சோற்றில் மாப்பொருள் மறுபடி அடுக்காகத் தொடங்கியதன் அடையாளம் அது.

உமியைச் சோதிக்க ஹொண்டாவின் தராசு உதவும். 100 பாகையை ஒட்டி ஈரம் போகும். 220 பாகைக்கு மேல் நார்ப்பொருள் சிதையும். காற்றில் 550 பாகையளவில் எரியக்கூடியதெல்லாம் எரிந்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடை சாம்பலாக நிற்கும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. வெப்பம் 700 பாகையைத் தாண்டாவிட்டால் இந்தச் சிலிக்கா பளிங்காவதில்லை. பளிங்காகாத சிலிக்கா, சீமெந்தில் வெளிப்படும் சுண்ணாம்புடன் சேர்ந்து கொங்கிறீற்றுக்கு வலுவூட்டும். குவித்துப்போட்டுக் கண்டபடி எரித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. மொட்டைக்கறுப்பன் போன்ற நம் நெல்லினங்கள் ஒவ்வொன்றும் எத்தனை பாகையில் அவிகின்றன என்ற பட்டியல் ஆலைக்காரர் கைக்குப் போகவேண்டும். அப்போது விறகும் மிஞ்சும், குறுநொய்யும் குறையும். அந்தப் பீடங்களின் மாணவர்கள் இந்தப் பட்டியலைத் தயாரிப்பதை ஓர் ஆய்வாக எடுத்துச் செய்யலாம்.