குவைத் தேசிய சபைக் கட்டடம்: குழந்தைகளோடு வருபவர்களுக்கு

கடலைப் பார்த்து விரிந்திருக்கும் கான்கிரீட் கூரையை முதலில் குழந்தைக்குக் காட்டுங்கள். பாலைவனக் கூடாரத் துணி தொய்வதுபோல் அதை வளைத்து வார்த்தவர், சிட்னி ஓப்பரா ஹவுஸை வடிவமைத்த டென்மார்க் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன். ஆள்பவரும் மக்களும் சந்திக்க நிழலுள்ள பொதுவெளி வேண்டும் என்று எண்ணினார். மனிதர்கள் ஓரிடத்தில் கூடி, வாதாடித்தான் சட்டம் எழுதுகிறார்கள் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்தக் கூரை எளிதாகப் புரியவைக்கும்.

2024 மே மாதம் கலைக்கப்பட்ட சபையில் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கலைக்கப்பட்டதும் பாடத்தில் சேர்ந்ததே. 1963-இல் சபை முதன்முதலாகக் கூடியபோது பெண்களுக்கு வாக்கு இல்லை. 2005-இல்தான் சட்டம் மாறியது. 2009-இல் நான்கு பெண்கள் வென்று உள்ளே வந்தார்கள். 1991-இல் பின்வாங்கிய இராக்கியப் படை கட்டடத்துக்குத் தீ வைத்தது. குவைத் அதைச் சீரமைத்தது. கிடைக்கவும் காலம் பிடிக்கும், கிடைத்தது நின்றும் போகும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே வாக்கில்லாத நம் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. இந்தியக் குடியுரிமையுள்ள பிள்ளை பதினெட்டு வயதானதும் வெளிநாட்டிலிருந்தே ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க மட்டும் நேரில் போக வேண்டும்.