கமராக் கண்ணாடியில் காய்ந்த கடல்

வாப்பா கடைசியாகக் கடலுக்குப் போய்த் திரும்பிய காலையில் நான் கிண்ணியாக் கரையில் கமராவுடன் நின்றேன். மறுநாள் படகு விலைப்பட்டுவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கமரா காக்காவுடையது, கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. சூரியன் எழும்பும் பக்கமாகப் படகு வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைப் புகார். படகு தெரிந்தது, வலை தெரிந்தது, வாப்பாவின் முகம் தெரியவில்லை.

காரணம் என் ஷால்தான். அலைத் தூவானம் பில்டரில் பட்டதும் ஷாலின் நுனியால் ஒரு துடை துடைத்தேன். மெல்லிய 'கிரீச்' என்ற சத்தம் கேட்டது. அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

பில்டர் என்பது லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டும் கண்ணாடி. விலை கூடிய லென்ஸில் கீறல் விழாமல் காப்பதற்கே பலர் அதைப் பூட்டுகிறார்கள். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதமளவைத் திருப்பி அனுப்பிவிடும். அதைக் குறைக்க மக்னீசியம் புளோரைட்டு போன்ற பொருள்களை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். அந்தப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 100 நனோமீற்றர். தலைமுடியை விடப் பல நூறு மடங்கு மெல்லியது. நாம் துடைப்பது கண்ணாடியை அல்ல, இந்தப் பூச்சைத்தான்.

கைரேகை பட்ட பில்டரால் எடுத்த படத்தில் ரேகை தெரியாது. லென்ஸ் தூரத்தைக் குவியப்படுத்தும்போது தன் மூக்குநுனியில் இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் ரேகையின் எண்ணெய் ஒளியைச் சிதறடிக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி எடுத்தால் பெரிதாகத் தெரியாத அந்தக் கறை, சூரியனை நோக்கி எடுத்ததும் படம் முழுவதும் வெள்ளையாகப் பரவும்.

எங்கள் ஊரில் கறைக்கு இன்னொரு காரணம் உண்டு: உப்பு. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. தூவானத்தின் நீர் காய்ந்துவிடும், உப்பு நின்றுவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அந்தக் கறை பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். உலர்ந்த துணியால் துடைக்கத் துடைக்க அது இடம் மாறுமே தவிரப் போகாது.

உப்பைக் கூட மன்னிக்கலாம், அது கண்ணாடியை விட மென்மையானது. பயப்பட வேண்டியது மணலுக்கு. கடினத்தன்மையை அளக்கும் மோ அளவுகோலில் கண்ணாடி ஏறத்தாழ 5.5, சாதாரண மணலிலுள்ள குவாட்ஸ் 7. நமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கரை இல்மனைற்று, ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிய மணலுக்குப் பெயர் போனது. அதில் சிர்க்கோன் 7.5. அத்தகைய ஒரு துகள் ஷாலின் இழையில் ஒளிந்திருந்தால் போதும், துடைப்பது அரம் போடுவதாகிவிடும். நான் கேட்ட 'கிரீச்' அதுதான்.

ஆகவே துடைப்பது கடைசி வேலை. முதலில் றப்பர் ஊதுகுழலால் காற்றடித்துத் துகளைப் போக்க வேண்டும். கமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தூசி தானாக விழும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும். பிறகு மென்மயிர்த் தூரிகை.

கடல் கறையென்றால் அடுத்தது தண்ணீர். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஐசோபுரோப்பைல் அல்ககோல் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. சந்தேகமென்றால் ஒரு சிட்டிகை உப்பை அதிலும் இன்னொரு சிட்டிகையைத் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். பில்டரைக் கழற்றி, மேசையில் துவாய் விரித்து அதன்மேல் வைத்தே வேலை செய்யுங்கள். சாதாரண யூவீ பில்டரைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவலாம். கிணற்று நீர் வேண்டாம், காய்ந்ததும் சுண்ணாம்புத் தடம் விடும். காய்ச்சி வடித்த நீர் பற்றறிக் கடையில் கிடைக்கும். ஆனால் அங்கே அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். சீட்டை இரண்டு தரம் வாசித்து வாங்குங்கள், சிறு பிள்ளைகளை அனுப்பாதீர்கள். போலரைசர் பில்டரை மட்டும் நீரில் போட வேண்டாம். அது இரண்டு கண்ணாடிகளுக்கிடையே ஒட்டிய படலம், விளிம்பால் நீர் புகுந்தால் கெட்டுவிடும். அதற்கு நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

உப்புப் போன பிறகு எண்ணெய்க் கறை இருந்தால்தான் அல்ககோல். திரவத்தைத் துணியில் இரண்டு துளி விட வேண்டும், கண்ணாடியில் நேரே விடக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல், சுற்றிச் சுற்றி வாருங்கள். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம், அவை புதுக் கறை வைக்கும். அல்ககோல் இலகுவில் தீப்பிடிக்கும், அடுப்படியில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கி, ஜன்னல் கண்ணாடித் திரவம், பற்பசை, கடதாசி ரிஷூ இவற்றின் பக்கமே போக வேண்டாம். மைக்ரோபைபர் துணியைச் சவர்க்காரத்தில் கழுவி நன்றாக அலசி, ஒரு சிறு உறையில் தனியாக வையுங்கள். கைப்பையில் சில்லறையோடும் சாவியோடும் போட்டால் அது துணியல்ல, ஷால்தான்.

காய விடாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் விட எளிது. 1956இல் இலங்கைக்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடிக் கோணேசர் ஆலய இடிபாடுகளைப் பார்த்தார்கள். 1962இல் வெளியான முதல் முழுநீள வர்ண சிங்களத் திரைப்படமான 'ரன்முத்து தூவ'வில் மைக் வில்சன் திருகோணமலைக் கடலடியையே காட்டினார். கடலடியில் படம் எடுப்பவர்கள் மேலே வந்ததும் கமராப் பெட்டியை உப்புக் காயுமுன் நன்னீரில் ஊற வைப்பார்கள். கரையில் நிற்கும் நமக்கு நனைந்த துணி ஒன்றும் ஊதுகுழல் ஒன்றும் போதும்.

காக்காவுக்கு விடயத்தைச் சொல்லப் பயந்தேன். அவர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "லென்ஸ் தப்பிட்டு, அது போதும்" என்றார். கீறல் விழுந்த பில்டர் இன்னும் என் மேசையில் இருக்கிறது. புதிய திரவம், புதிய துணி எதுவானாலும் முதலில் அதில்தான் பரீட்சித்துப் பார்க்கிறேன். கைபழக விரும்பும் தோழியர் கேட்டால் தருவேன்.