இணை சேர்க்கும் முன் நாய்க்கும் சோதனை வேண்டும்



பசு பருவத்துக்கு வந்தால் என்ன செய்யறீங்க? எந்தக் காளையின் உறைவிந்து, அந்தக் காளையின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று விசாரிக்கிறீங்க. உறைவிந்து நிலையத்திலும் காளைகளுக்குக் காசநோய், கருச்சிதைவு நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் விந்து எடுக்கிறார்கள். ஆனால் வாசலில் காவல் இருக்கிற நாய் விஷயத்தில் மட்டும் இந்த அக்கறை கிடையாது. பக்கத்துத் தெருவில் வெள்ளை வெளேரென்று ஒரு ஆண் நாய் இருந்தால் போதும், பெட்டையைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். இதில் வரும் நஷ்டம் என்ன, அதைத் தவிர்ப்பது எப்படி என்று இன்றைக்குப் பார்ப்போம்.

கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம் பக்கமெல்லாம் வயல் சுருங்கி வீடு பெருகிவிட்டது. வீட்டுக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி கேட்டு வருகிறவர்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்து ஊரின் பேரைத் தாங்கிய இனம் அது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் ஒன்று. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அந்த வெள்ளையில்தான் சிக்கலும் இருக்கிறது.

தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களுக்குக் காதுக்குள்ளேயும் வேலை உண்டு. உட்காது கெடாமல் காப்பது அவைதான். முழு வெள்ளை நாய்கள் சிலவற்றில் இந்த உயிரணுக்கள் உட்காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. அப்படிப்பட்ட குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே காது கெட்டுப்போகிறது. இதற்கு மருந்து கிடையாது. எல்லா வெள்ளை நாயும் செவிடு என்று அர்த்தமில்லை. ஆனால் நிறத்தை மட்டுமே பார்த்துப் பொறுக்கி, அண்ணன் தங்கை என்று ஒரே ரத்தத்துக்குள் சேர்த்துக்கொண்டே போனால் செவிட்டுக் குட்டிகள் கூடும். திருடன் வந்தாலும் காதில் விழாத நாயை வைத்துக்கொண்டு என்ன காவல் காப்பது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனதும் தனியாகத் தூங்கவிடுங்க. அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டுங்க. தரையை மிதிக்கக் கூடாது; அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும், நாம் ஏமாந்துபோவோம். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க, தலையில் கம்பி பொருத்தி, சத்தத்துக்கு நரம்பும் மூளையும் காட்டும் மின் அலையைப் பதிவு செய்யும் 'பேயர்' சோதனை இருக்கிறது. ஊர் ஆஸ்பத்திரியில் இந்தக் கருவி இருக்காது. எங்கே கிடைக்கும் என்று டாக்டரிடம் கேளுங்க. ஒரு காது போன நாயும் குறையைக் குட்டிக்குக் கொடுக்கும். ஆகவே அதை அன்பாக வளர்க்கலாம், இனவிருத்திக்கு விடக் கூடாது. செவிட்டுக் குட்டி ஈன்ற ஜோடியையும் மறுபடி சேர்க்கக் கூடாது.

அடுத்தது ரத்தச் சோதனை. புரூசெல்லா என்ற கிருமி இணை சேரும்போது பரவும். வெளியே நன்றாகத் தெரிகிற பெட்டை, சினைக்காலமான 63 நாளில் கடைசி இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது குட்டிகளைச் செத்துப் போடும். மருந்து கொடுத்தாலும் கிருமி முழுசாகப் போவது கஷ்டம். மனிதருக்கும் தொற்றும். மாட்டைக் கருச்சிதைக்க வைக்கும் புரூசெல்லாவும் நாய்க்கு வரும். அதனால் கன்று வீசின மாட்டின் நஞ்சுக்கொடியை நாய் தின்ன விடாதீங்க; ஆழக் குழி தோண்டிப் புதைச்சுடுங்க. வெறுங்கையால் தொடவும் வேண்டாம்.

இரண்டு நாய்களின் பிறப்புறுப்பையும் டாக்டர் பார்க்க வேண்டும். அங்கே பூக்கோசு மாதிரி சிவந்த கட்டி இருந்து ரத்தம் சொட்டினால், அது இணை சேர்வதால் தொற்றும் புற்றுக்கட்டி. வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். குணமாகும் வரை சேர்க்காதீங்க. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் முன்னாடியே முடிந்திருக்க வேண்டும். பெட்டைக்கு ரத்தப்போக்கு கண்ட பிறகு ஓடினால் நேரம் போதாது. ஒரு மாதம் முன்பே போங்க. உங்க ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தொடங்கலாம். பெரிய சோதனை என்றால், 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் 2017-ம் ஆண்டு விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பருவத்திலும் சினைப்படுத்தக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

"சோதனைக்குச் செலவு ஆகுமே" என்பீங்க. ஒரு ஈற்றுக் குட்டி முழுதும் செத்துப் பிறந்தால் அந்தச் செலவைவிட அதிகமாகவே போய்விடும். செவிட்டுக் குட்டியை விற்றுவிட்டால் பணத்தோடு பேரும் போகும். வாங்க வருகிறவரிடம் தாய் தகப்பன் இரண்டின் சோதனைச் சீட்டையும் எடுத்துக் காட்டுங்க. நீங்கள் வாங்கப் போனாலும் நிறத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தச் சீட்டைக் கேளுங்க.