ஏணியை எடுத்தாயிற்றா?

வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் வைக்க அமெரிக்காவில் இத்தனை சட்டம்!

கடையில் ஒரு பெரிய பெட்டியை வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து பிரிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தகடுகளை வட்டமாக நிறுத்துகிறார்கள். கனத்த பிளாஸ்டிக் விரிப்பை உள்ளே பொருத்துகிறார்கள். ரப்பர் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள்.

வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் தயார்!

அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம். தரையைத் தோண்டிக் குளம் கட்டுவதென்றால் ஏராளமான பணம் வேண்டும். தரைமேல் நிற்கும் இந்தத் தொட்டிக் குளத்துக்கு அதில் சிறு பங்கு போதும். ஆகவே நடுத்தரக் குடும்பத்தினர் இதை விரும்பி வாங்குகிறார்கள்.

ஆனால் பணம் கொடுத்து வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வீடு சொந்தம், கொல்லை சொந்தம், குளமும் சொந்தம். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் அனுமதி வாங்க வேண்டும்!

ஏன் இந்தக் கெடுபிடி? புளோரிடா மாநிலத்தின் சட்டத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இரண்டு குழந்தைகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் புளோரிடா. அங்கே வெயில் அதிகம். வீட்டுக் குளங்களும் அதிகம்.

அங்கே சின்னஞ்சிறு குழந்தைகளின் உயிரைப் பறிப்பதில் முதல் இடம் எதற்குத் தெரியுமா? நோய்க்கு அல்ல, தண்ணீருக்கு! அந்த மாநிலச் சட்டத்திலேயே இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டு நீச்சல் குளங்களுக்கான இந்தச் சட்டம் 2000-ம் ஆண்டில் பிறந்தது. நீரில் விபத்துக்கு ஆளான இரண்டு குழந்தைகளின் பெயரையே சட்டத்துக்குச் சூட்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்குப் பின் அமைக்கும் வீட்டுக் குளங்களை இது கட்டுப்படுத்துகிறது.

24 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் குளம் என்றால் சட்டத்துக்குள் வந்துவிடும். தோண்டிக் கட்டியதா, தரைமேல் நிறுத்தியதா என்ற வித்தியாசம் இல்லை. மோட்டார் இல்லாத, குழந்தைகள் விளையாடும் சின்னத் தொட்டிக்கு விலக்கு உண்டு.

அனுமதி வாங்குவது எப்படி?

குளம் வைக்க விரும்புகிறவர் தம் நகரத்தின் அல்லது வட்டாரத்தின் கட்டட அலுவலகத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கட்டணம் செலுத்த வேண்டும். மனையின் வரைபடமும் கொடுக்க வேண்டும். வீடு எங்கே, எல்லை எங்கே, குளம் எங்கே என்று அதில் காட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து குளம் எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். கழிவுநீர்த் தொட்டியின் மேல் குளம் வைக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. 15 அடி அகலமும் 4 அடி ஆழமும் உள்ள வட்டக் குளத்தை நிரப்பினால் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் எடை 20 டன். ஐந்து யானைகள் ஒரே இடத்தில் நிற்பது போல! தரை சமமாகவும் கெட்டியாகவும் இல்லாவிட்டால் குளம் சாய்ந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். தண்ணீரைச் சுத்தப்படுத்த மோட்டார் ஓடுகிறது. ஈரத்தில் மின்சாரம் கசிந்தால் ஆபத்து. கசிந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும். குளத்தைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்களைச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். தலைக்கு மேலே போகும் மின்கம்பியும் போதிய தூரத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு அதிகாரி வந்து பார்ப்பார். குழந்தைகளைக் காக்கும் ஏற்பாடு ஒன்றாவது இல்லையென்றால் முடிவுச் சான்றிதழ் கிடைக்காது.

4 அடிச் சுவர்

என்ன ஏற்பாடு? சட்டம் பல வழிகளைச் சொல்லுகிறது.

வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் கதவு தானாகவே மூடிக்கொள்ளும்படி அமைக்கலாம். அதன் தாழ்ப்பாள் தரையிலிருந்து 54 அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. குழந்தையின் கை எட்டக் கூடாதல்லவா? கதவைத் திறந்தால் அலறும் மணி வைக்கலாம். குளத்துக்குப் பத்திரமான மூடி போடலாம்.

அல்லது, சுற்றிலும் 4 அடி உயரத்துக்குத் தடுப்பு வைக்கலாம். குழந்தை அதன் அடியில் தவழ்ந்து போகவோ, இடுக்கில் நுழையவோ, பற்றி ஏறவோ இடம் இருக்கக் கூடாது. நம் ஊரில் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கிறோமே, அதே எண்ணந்தான்!

தொட்டிக் குளத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதன் சுவரே 4 அடி உயரம் இருந்தால், அந்தச் சுவரே தடுப்பாகிவிடும். தனி வேலி தேவையில்லை.

ஆனால் உள்ளே இறங்க ஓர் ஏணி வேண்டுமே! அங்கேதான் ஆபத்து. பெரியவரைத் தூக்கிவிடும் அதே ஏணி, இரண்டு வயதுக் குழந்தையையும் மேலே ஏற்றிவிடும். ஆகவே ஏணியைக் கழற்றி எடுக்கவோ பூட்டவோ வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏணியைச் சுற்றித் தடுப்பு வைக்க வேண்டும் என்கிறது சட்டம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குழந்தை ஏறுவதற்கு வசதியான பொருள் எதுவும் தடுப்பை ஒட்டி நிலையாக இருக்கக் கூடாது. சுவரோரம் வைத்த மோட்டாரும் குழந்தைக்கு ஒரு படிதான்!

தண்டனை உண்டா?

உண்டு. சட்டத்தை மீறுவது குற்றம். 500 டாலர் வரை அபராதமோ, 60 நாள் வரை சிறையோ விதிக்கலாம்.

ஆயினும், சம்மன் வந்த 45 நாட்களுக்குள் பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்து, நீர் விபத்துகளைத் தடுப்பது பற்றிய வகுப்புக்கும் போய்வந்தால் தண்டனை இல்லை! சட்டத்துக்கு வேண்டியது பணம் அல்ல, குழந்தையின் உயிர்.

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை. கையை ஆட்டி அழைப்பதும் இல்லை. சமையலறையில் இருக்கும் தாய்க்கு ஒரு சத்தமும் கேட்காது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பிறகு ஒவ்வொரு மாலையும் குளித்து எழுந்து துவட்டிக்கொள்ளும்போது, வீட்டில் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்:

“ஏணியை எடுத்தாயிற்றா?”