பிங்க் புக் லயத்து வீட்டுக்கும் பேசட்டும்

தாய்சேய் கிளினிக்கில் பெயர் பதிந்ததும் மலேசியக் கர்ப்பிணியின் கைக்கு வரும் ‘பிங்க் புக்’ அருமையான புத்தகம். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் ஒவ்வொரு தடவையும் அதில் ஏறும். ஆபத்தின் அளவைப் பார்த்து வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி இடுவார்கள். சிவப்பென்றால் உடனே மருத்துவமனை. மிஸ்ஸி (தாதி) நிரப்பும் பக்கங்களுக்கு நடுவே தாயே நிரப்பும் அட்டவணை ஒன்றும் உண்டு. காலை 9 மணியிலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணி, பத்தாவது அசைவு வந்த நேரத்துக் கட்டத்தில் அவள் குறி போடவேண்டும். இரவு 9 மணிக்குள் பத்து ஆகவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும். ஆனால் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், கிளம்புவதா வேண்டாமா என்பதை அவள் மட்டுமா முடிவு செய்கிறாள்? மாமியார், கணவர், பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. அவர்களும் படிக்கும்படி, இந்த மலைக்கென்றே எழுதிய தமிழ்ப் பக்கங்கள் அந்தப் புத்தகத்தோடு சேரவேண்டும்.

பிரசவ மரணங்களுக்குக் காரணமாகும் மூன்று தாமதங்களை 1994-இல் தாடியஸ், மெயின் என்ற ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அவற்றில் முதலாவது, வீட்டில் முடிவெடுப்பதில் வரும் தாமதம். போய்ச் சேர்வதும் சிகிச்சை கிடைப்பதும் அதற்குப் பிறகுதான். 1929-இல் தொடங்கிய போ தோட்டமானாலும் சுங்கை பாலாஸ் ஆனாலும், குறுகலான வளைவுப் பாதையைத் தாண்டித்தான் டவுனுக்கு வரவேண்டும். சிக்கல் பெரிதென்றால் தானா ராத்தா மருத்துவமனையோடு முடியாது, ஈப்போவுக்கு இறங்கவேண்டும். பள்ளி விடுமுறை நெரிசலும் மண்சரிவும் அந்தப் பாதையில் புதிதல்ல. இங்கே வீட்டில் வீணாகும் ஒரு மணி நேரத்தைச் சாலையில் ஈடுகட்ட முடியாது. தலைவலியோடு கண் மங்கினாலும், முகம் வீங்கினாலும், ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என அந்தத் தமிழ்ப் பக்கம் வீட்டாருக்குச் சொல்லவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடவேண்டும். தேயிலையிலுள்ள டானின் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இதைவிட அவசியமான வரி எது?

இன்றைய பெண்களுக்கு மலாய் படிக்கத் தெரியும் என்பார்கள். உண்மைதான், நான் கேட்பது அவர்களைச் சுற்றியுள்ளவர்களுக்காக. நேப்பாள, வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவரவர் மொழியில் இது வேண்டும். புத்தகம் உயிரைக் காப்பாற்றுமா என்பது கனமான கேள்வி. தன் பதிவேட்டைத் தானே வைத்திருக்கும் பெண்ணுக்குத் தன் கர்ப்பம் தன் பொறுப்பில் இருக்கிறது என்ற தெம்பு கூடுவதாகக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மருத்துவ விளைவுகளில் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. சுதந்திரம் கிடைத்த காலத்தில் லட்சம் பிரசவத்துக்கு 200-க்கு மேல் இருந்த தாய்மரணம் 1990-களில் 50-க்குக் கீழே வந்ததற்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் மருத்துவமனைகளும் ரத்த வங்கியும்தான் காரணம். புத்தகத்தை அவற்றுக்கு மாற்றாக யாரும் கேட்கவில்லை. அவை இருந்தும் நேரத்தோடு போய்ச் சேராத பெண்ணுக்காகத்தான் கேட்கிறோம். இந்தப் பக்கங்கள் வீட்டாரைப் பயமுறுத்தும் என்பவர்களுக்கு: அறிகுறிக்குக் கீழேயே எந்த எண்ணுக்கு அழைப்பது, இரவில் தோட்டத்து வண்டி யாரிடம் என்று எழுதிவிடுங்கள். அதை நிரப்பத் தோட்ட நிர்வாகமும் கிளினிக்கும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.